பெட்டோர்காவின் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

சிலி நாட்டில் பெண்களுக்குச் சமபங்கு, பழங்குடிகளுக்குத் தன்னாட்சி, தண்ணீர் பொதுச்சொத்து என்றெல்லாம் எழுதப்பட்ட ஓர் அரசியல் சட்ட வரைவை 2022இல் மக்களே வாக்களித்து நிராகரித்ததாக வாசித்தேன். தங்களுக்கு நன்மை தருவதை ஏழைகளே தோற்கடிப்பது ஏன்? மக்கள் முற்போக்குக்கு எதிரானவர்கள்தானா?

எஸ்., மார்த்தாண்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் மக்களைக் குறை சொல்லுமுன் வாக்களித்தவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சாண்டியாகோவில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்ததையொட்டி 2019 அக்டோபரில் வெடித்த கிளர்ச்சி, பினோசெட்டின் ராணுவ ஆட்சி 1980இல் கொண்டுவந்த அரசியல் சட்டத்தையே மாற்றவேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்தது. மறு ஆண்டு வாக்கெடுப்பில் 78 சதவீதத்தினர் புதிய சட்டம் வேண்டும் என்றனர். அப்போது வாக்களிப்பது கட்டாயமில்லை. ஏறத்தாழ பாதிப்பேர்தான் வந்தனர். 2022 செப்டம்பர் 4 அன்று வரைவின் மீதான வாக்கெடுப்பில் அது கட்டாயமாக்கப்பட்டதும், 75 லட்சமாக இருந்த வாக்களித்தோர் எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்தை எட்டியது. அதில் 62 சதவீதத்தினர் வேண்டாம் என்றனர். புதிதாக வந்தவர்களில் பெரும்பாலோர், வரைவை எழுதிய, 155 பேர் கொண்ட பேரவையைத் தேர்ந்தெடுத்த 2021 தேர்தலிலும் வாக்களிக்காதவர்கள். அந்தப் பேரவையில் வலதுசாரிக் கூட்டணிக்கு 37 இடங்களே கிடைத்தன. ஒரு பிரிவைத் தடுப்பதற்குத் தேவையான மூன்றில் ஒரு பங்குகூட இல்லாததால், எதிர்த்தரப்பை இணங்கவைக்கவேண்டிய தேவையே எழுதியவர்களுக்கு நேரவில்லை.

என் மனத்தை விட்டு அகலாதது பெட்டோர்கா என்ற சிலியின் வறண்ட விவசாயப் பகுதி. 1981ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் நீருரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கவும் விற்கவும் கூடிய பொருளாக்கியது. அங்கே அவகாடோத் தோட்டங்கள் மலைச்சரிவில் பச்சையாக நிற்க, கீழே குடியிருப்புகளுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. வரைவோ தண்ணீரை விற்கக்கூடாது என்றது. அந்தப் பெட்டோர்காவிலும் பாதிக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றே வாக்களித்தனர்.

இதை எனக்கு விளங்கவைத்தது எங்கள் ஊர்க் குளத்தங்கரை. சில ஆண்டுகளுக்கு முன் பாசனத்துக்குப் புதிய விதிமுறை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். கடைமடைக்கு முதலில் தண்ணீர் என்பதே அதன் சாரம். பதினொரு பக்கத்தையும் கூட்டத்தில் வாசித்து முடித்தபோது, கடைமடையில் நாற்பது சென்ட் வயல் வைத்திருந்த அம்மா ஒருவர் எழுந்தார். "எல்லாம் செரி மக்கா. இப்போ மடை தொறக்கியவன் ராத்திரி நான் போய் விளிச்சாலும் வருவான். இனி எனக்க வயலுக்கு வெள்ளம் யாரு விடுவா?" எங்கள் தாளில் அதற்குப் பதில் இல்லை. யாருக்காக எழுதினோமோ அவரே எதிராகக் கை தூக்கினார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் தவறானது.

சிலியின் வரைவில் 388 பிரிவுகள். இருக்கும் நீருரிமைகள் இனி விற்கமுடியாத பயன்பாட்டு அனுமதிகளாகும் என்று படித்த சிறுவிவசாயி, அதை யார் தருவார், யார் பறிப்பார் என்று கேட்டிருப்பார். பல தேசிய இனங்களின் நாடாகச் சிலியை ஏற்கும் பன்தேசிய அரசு, பழங்குடிகளுக்குத் தனி நீதிமுறை, செனட்டுக்குப் பதிலாக வேறொரு அவை என ஒவ்வொன்றும் தனியே ஆண்டுக்கணக்கில் பேசவேண்டியவை. மாபுச்சே பழங்குடி மக்கள் அதிகம் வாழும் அராவ்கானியா பகுதியில்கூட எதிர்வாக்கு 70 சதவீதத்தைத் தாண்டியது. சொந்த வீடு பறிபோகும் என்ற பொய் பரப்பப்பட்டது உண்மைதான். வரைவு சொத்துரிமையைக் காத்திருந்தது. ஆனால் தோல்வி முழுவதையும் பொய்யின் கணக்கில் எழுதுவது அந்த மக்களை அவமதிப்பதாகும். நம் அரசியல் சட்டம் பொது வாக்கெடுப்புக்கு வைக்கப்படவே இல்லை என்பதால், இப்படியொரு சோதனையை நாம் சந்திக்கவில்லை.

மக்கள் வலப்பக்கம் சாய்ந்துவிட்டார்கள் என்ற விளக்கமும் நிற்காது. வலதுசாரிகள் பெரும்பான்மையாக இருந்த இன்னொரு அவை எழுதிய வரைவை, 2023 டிசம்பர் 17 அன்று அதே மக்கள் ஏறத்தாழ 56 சதவீத வாக்குகளால் நிராகரித்தனர். பலமுறை திருத்தப்பட்ட 1980ஆம் ஆண்டுச் சட்டமே அதன்பின்னும் நடப்பில் நீடித்தது.