மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊரில் பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து விற்கும் கடை ஓடுமா? என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

ஓடும். ஆனால் அலமாரி, கட்டிலை நம்பி வாடகை கட்ட முடியாது. அவை மாதக்கணக்கில் நிற்கும். வாடகையைக் கட்டுவது இரும்புப் பெட்டி, எனாமல் தூக்குச் சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, ரப்பர் பால் பிடித்த பீங்கான் கோப்பை போன்றவைதான். ஈப்போவிலிருந்து வருபவர்கள் அந்தக் கோப்பையில் செடி வைக்க நாலைந்தாக வாங்கிப் போவார்கள். பெரிய சாமான் கடைக்குப் பேர் வாங்கித் தரும், அவ்வளவுதான். அதில் லாபம் வேண்டுமென்றால் வாங்கும் நேரத்திலேயே கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) காலியாகும்போதும், பழைய பேப்பர் எடுக்க வரும் ‘பேப்பர் லாமா’ லோரிக்காரர்களிடமும் சாமான் கிடைக்கும். எதையும் முதலில் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். வலை போட்ட சமையல் அலமாரி என்றால் எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். அதனால் மேலே பளபளவென்று இருந்தாலும் காலின் அடி உளுத்திருக்கும். கூர்மையான ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். ஓர் அங்குலம் வரை மெத்தென்று போனால் கவலையில்லை: நல்ல மரம் வரும் இடத்தில் நேராக அறுத்து, அதே அளவுக் கட்டையை மரமுளையும் பசையும் வைத்து ஒட்டலாம். மூட்டு வரை போயிருந்தால், வலைக்கதவை மட்டும் விலை பேசுங்கள்.

அடியில் வெளிர் நிறப் புதுத் தூள் விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. கறுப்புத் தாளை அடியில் விரித்து இரண்டு வாரம் தனியாக வையுங்கள், தெரிந்துவிடும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதனால் வண்டு அதைத்தான் தேடி வரும். செங்கால் (chengal) என்ற கெட்டி மரத்தின் வைரத்தை, அதாவது நடுக்கட்டையை, அது தொடாது. ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பெயின்ட் இல்லாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று முறை பூசுங்கள், ஓட்டைகளில் ஊசியால் செலுத்துங்கள். வார்னிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது. நனைந்தால் கரைந்து வெளியேறிவிடும் என்பதால் வாசலில் போடும் பெஞ்சுக்கு இது உதவாது. கரையான் மண்தடம் ஓடிய சாமானை மட்டும் சும்மா கொடுத்தாலும் கடைக்குள் ஏற்றாதீர்கள்.

வந்த சாமானை உடனே சுரண்டி எடுப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் கேடு. சாம்பிராணிப் புகையும் தாளிப்பு எண்ணெயும் படிந்து கறுத்ததை, வார்னிஷ் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதலில் டர்பென்டைன் நனைத்த துணியால் துடையுங்கள், பிறகு சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால். பாதிச் சாமானுக்கு இதுவே போதும். அதற்கு மேலும் வேலை இருந்தால், மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (மெத்திலேட்டட் ஸ்பிரிட்) வையுங்கள். பிசுபிசுத்தால் பழைய அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பெரும்பாலும் பிற்காலத்துப் பாலியூரித்தேன்.

அரக்கு என்றால் அதிர்ஷ்டம். கீறலும் வெடிப்பும் உள்ள இடத்தில் ஸ்பிரிட் தொட்ட துணியை ஓட்டினாலே பழைய பூச்சு இளகி மறுபடி சேர்ந்துகொள்ளும். மேல்பூச்சுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 125 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மெல்லிசாகப் பல முறை பூச வேண்டும். கரைத்து மாதக்கணக்கில் வைத்த அரக்கு இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு காய வைத்து, நகம் பதிந்தால் கொட்டிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை: ஸ்பிரிட் ஆவியாகும்போது மரப்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சில் இறங்கி வெள்ளையாய்ப் பூக்கும். காலை பத்து மணிக்கு மேல், மழை கறுப்பதற்குள் முடித்துவிட வேண்டும். பூத்துவிட்டாலும் பதற வேண்டாம், மறுநாள் வெயிலில் ஸ்பிரிட் துணியால் மெதுவாக ஒரு முறை தடவினால் போய்விடும்.

பச்சையும் நீலமுமாக எண்ணெய்ப் பெயின்ட் அடித்த பழைய சாமானில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உலர வைத்துத் தேய்க்கவே கூடாது. நனைத்துத் தேய்த்து, தூசுக் கவசம் போட்டு, கழிவைத் தாளில் மடித்துக் கட்டுங்கள். அந்த இடத்தில் குழந்தைகள் நடமாடக் கூடாது. உண்மையைச் சொன்னால், அந்தப் பச்சைக்காகவே காசு கொடுக்க ஆள் இருக்கிறது. உரியாத பெயின்ட் என்றால் மேலே நிறமில்லாத பூச்சு ஒன்று கொடுத்து அப்படியே விற்பது நல்லது.

மூட்டு தளர்ந்து ஆடும் நாற்காலிக்கு ஆணி அடித்தவர்களைத்தான் மன்னிக்க முடியாது. கெட்டி மரம் பிளக்கும், மெர்பாவ் போன்ற மரத்தில் இரும்பு பட்ட இடம் கறுத்துப்போகும். அந்தக் கறையை ஆக்ஸாலிக் அமிலத்தால் போக்கலாம். அது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மூட்டைக் கழற்ற, சூடான வெள்ளை வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பழைய வச்சிரப் பசை இளகியதும் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். பழைய பசையை முழுக்கச் சுரண்டாமல் புதுப் பசை போட்டால் பிடிக்காது. கிளாம்ப் இல்லையென்றால் சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கினால் போதும். நாலு காலும் சமதரையில் நிற்கிறதா என்று அப்போதே பாருங்கள், ஒரு நாள் கழித்துப் பார்த்தால் காலை அறுக்க வேண்டி வரும்.

பிரம்புப் பின்னல் தொய்ந்து மட்டும் இருந்தால், அடிப்பக்கத்தில் வெந்நீர்த் துணியைப் போட்டு ஊறவிட்டு நிழலில் காயவிடுங்கள், தானாக இழுத்துக்கொள்ளும். அறுந்திருந்தால் முழுதாகப் பின்னுவதுதான் வழி. துளைக்குத் துளை அரை அங்குலம் என்றால் 2.25 மில்லிமீட்டர் பட்டை சரியாக இருக்கும். அரை மணி நேரம் ஊறினால் போதும், மேலே போனால் நிறம் மங்கும்.

எண்ணெய் பூசிய கந்தலைச் சுருட்டிக் கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், குவியலில் அது தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காய விடுங்கள்.

விலைக்கு ஒரு கணக்கு: 80 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது, பூச்சும் பசையும் 40, எட்டு மணி நேர வேலை மணிக்கு 15 என்றால் 120. ஆக 240 வெள்ளி, இதற்கு மேல்தான் வாடகையும் லோரிக்கூலியும் லாபமும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தெரியாத சாய்வு நாற்காலியை ‘துரை (தோட்ட நிர்வாகி) பங்களா நாற்காலி’ என்று விற்காதீர்கள். உள்ளூரில் உண்மை தெரிந்தவர் யாராவது கடைக்குள் வருவார்.

வணிகப் பதிவு எஸ்எஸ்எம் என்ற மலேசிய நிறுவன ஆணையத்தில்: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு கடைப்பெயர் என்றால் 60. கடைக்கும் பெயர்ப்பலகைக்கும் நகராண்மைக் கழக உரிமம் வேண்டும். பழைய சாமான் வியாபாரத்துக்கு 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமமும் உண்டு, மாவட்டப் போலீஸ் நிலையத்தில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதை அடையாள அட்டை எண்ணோடு குறித்து வையுங்கள். யாராவது குத்துவிளக்கோ வெண்கல மணியோ கொண்டுவந்து அவசரமாக விற்கப் பார்த்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பக்கத்துக் கோயிலில் பூட்டு உடைந்திருக்கலாம்.