ரைடருக்கு மட்டும்தான் மரியாதையா? கபடி மாஸ்டர் பதில்கள்

(தை மாத எழுவர் கபடித் தொடர்கள் நெருங்கிவிட்டன. குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, இன்றும் ஊர்க் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துவரும் மாஸ்டர், அணித் தேர்வு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

மாஸ்டர், நாங்கள் பள்ளிகொண்டா பக்கத்துக் கிராமத்து அணி. போன வருஷம் போன இடமெல்லாம் காலிறுதியோடு திரும்பிவிட்டோம். இந்தத் தைக்கு, பாடிப்போகிற இரண்டு நல்ல ரைடர்களை வெளியூரிலிருந்து பணம் கொடுத்து இறக்கலாம் என்று ஊரில் பேச்சு. வசூலும் ஆரம்பித்துவிட்டது. செய்யலாமா?
– அணித் தலைவர், பள்ளிகொண்டா

வசூல் நடக்கட்டும் தம்பி. ஆனால் அந்தப் பணத்தை ரைடருக்குக் கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். போன வருஷம் ஆடிய ஊர்களில் ஸ்கோர் எழுதியவர்களைக் கேட்டு, உங்கள் ஆட்டங்களின் தாள்களை வாங்கிப் பாருங்கள். பாடிப்போய் நீங்கள் எடுத்த புள்ளி எவ்வளவு, பிடிக்கப் போய்க் கோட்டைவிட்ட புள்ளி எவ்வளவு என்று தனித்தனியாகக் கூட்டுங்கள். நம் பக்கத்து அணிகளின் தாள்களை நான் பார்த்தவரை, ரைடர்கள் பாடுபட்டுக் கொண்டுவந்ததை, பிடிக்க நிற்பவர்களில் ஓரத்தில் நிற்கும் கார்னரும் அவனுக்கு உள்பக்கம் நிற்கும் கவரும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். காலிறுதியில் தோற்கும் அணிக்குப் பெரும்பாலும் குறை பிடியில்தான் இருக்கிறது. அந்தக் குறையை ரைடரை வாங்கி அடைக்க முடியாது.

தமிழ் தலைவாஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017இல் புரோ கபடிக்குள் வந்த அணி. 2019இல், ஏழாவது சீசனில், பெரிய ரைடர் அஜய் தாக்கூர் ஏற்கெனவே இருக்க, இன்னொரு பெரிய ரைடர் ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தார்கள். மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று பெயர் சொன்னாலே கைதட்டு விழுகிற ஆட்களும் இருந்தார்கள். சீசன் முடிந்தபோது பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அப்புறம் 2022இல், ஒன்பதாவது சீசனில், ரைடர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி, சீசன் முழுக்க ஆட முடியவில்லை. எல்லோரும் தலையில் கை வைத்தோம். ஆனால் அந்த சீசனில்தான் தலைவாஸ் முதல்முறையாகப் பிளே-ஆஃப் போய், அரையிறுதி வரை ஆடியது. நரேந்தர் என்ற புதுப் பையன் 243 ரைடு புள்ளிகள் எடுத்தான். கார்னர்களில் சாகரும் சாஹிலும் நின்று பிடித்தார்கள். நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் ஆஷன் குமார் இளம் பையன்களை நம்பி இறக்கினார். அவர்களில் பலர் அரியானாக்காரர்கள், நம் மண்ணின் பிள்ளைகள் இல்லை என்பது எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெரிய பெயர் விழுந்த பிறகு ஓர் அணியாக நின்றார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்ல வருகிறேன்.

விதியைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். களத்தில் நம் ஆட்கள் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. எல்லோரும் வெளியேறி ஆல் அவுட் ஆகிற நிலையில் இருக்கும் அணியை மேலே தூக்குவது அந்தப் பிடிதான். ஆட்டத்தன்று சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கும் ரைடர் அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன செய்வார்? எந்தக் கார்னர் எப்போது காலுக்குப் போவான், எந்தக் கவர் பின்னால் வந்து அடைப்பான் என்பதே அவருக்குத் தெரியாது. ஏழு பேரில் இரண்டு பேர் அந்நியர் என்றால் கைகோத்து நிற்கும் செயின் எப்படிக் கட்டுவீர்கள்? இன்னொரு கஷ்டமும் உண்டு. வருஷம் முழுக்க மண்ணில் விழுந்து எழுந்த ஊர்ப் பையன் வெளியே உட்கார்ந்திருப்பான். அடுத்த வருஷம் அவன் பயிற்சிக்கே வரமாட்டான். இப்படிக் கலைந்துபோன நல்ல குழுக்கள் நம் பக்கத்தில் நிறைய.

சரி, தேர்வு எப்படிச் செய்வது? கார்னர்களை ஒற்றை ஆளாகத் தேர்வு செய்யாதீர்கள். கார்னரையும் அவன் பக்கத்துக் கவரையும் ஜோடியாக நிறுத்துங்கள். எதிரே உங்கள் சிறந்த ரைடரை விடுங்கள். கார்னர் கணுக்காலைப் பிடித்த அந்த நொடியில் கவர் எங்கே நிற்கிறான் என்று மட்டும் பாருங்கள். கார்னரின் பிடி இரும்பாக இருந்தாலும் கவர் ஓர் எட்டு தாமதித்தால் ரைடர் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான், அவ்வளவுதான். மூன்று நான்கு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். எந்த ஜோடி ஒருவரையொருவர் பார்க்காமலே சேர்ந்து நகர்கிறதோ, அதுதான் உங்கள் ஜோடி. அண்ணன் தம்பிகளாகவோ ஒரே தெருக்காரர்களாகவோ இருந்தால் இது சீக்கிரம் அமையும்.

அவசரக்காரனைக் கார்னரில் வைக்காதீர்கள். ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் 3.75 மீட்டர். ரைடர் அதைத் தாண்டாமல் திரும்பினால் அவனே அவுட். அதற்குள் முந்திக்கொண்டு பாய்கிறவன் எதிரிக்கு இனாமாகப் புள்ளி கொடுக்கிறான். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பொறுமை இல்லாதவனை நான் கார்னரில் நிறுத்தமாட்டேன்.

ரைடர் தேர்வுக்கு ஒரே ஒரு சோதனை போதும். தொடர்ந்து மூன்று ரைடு அனுப்புங்கள், இடையில் ஓய்வு வேண்டாம். மூன்றாவதை டூ-ஆர்-டை ரைடு, அதாவது புள்ளி எடுக்காவிட்டால் அவனே அவுட், என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு ரைடுக்கான முப்பது விநாடியில் இருபதாவது விநாடிக்கு அவன் மூச்சு எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கவனியுங்கள். மூச்சு முட்டும்போது எல்லோரும் பழக்கப்பட்ட பக்கத்துக்கே போவார்கள். அப்போதும் இரண்டு பக்கமும் ஆடுகிறவன்தான் உங்கள் முதல் ரைடர். எதிரே ஆறு பேரோ அதற்கு மேலோ நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி போனஸ் புள்ளி எடுக்கத் தெரிகிறதா என்பதையும் பாருங்கள். நம் பையன்களுக்குத் தொட்டு வருவதில்தான் ஆசை, போனஸ் கோட்டை மதிப்பதே இல்லை.

வசூலான பணத்தில் பையன்களுக்குத் தினமும் முட்டையும் வேர்க்கடலையும் வாங்கிக் கொடுங்கள். பயிற்சி மைதானத்துக்கு இரண்டு நல்ல விளக்குப் போடுங்கள். மின்னொளித் தொடரில் ஆடப்போகிறவர்கள் வெளிச்சத்தில் பழகவே இல்லை என்றால் எப்படி? மீதம் இருந்தால் வண்டி வாடகை.

என் மகன் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் இரவு ஷிப்ட். ஆனாலும் பயிற்சியை விடுவதில்லை. போன வருஷம் முழுக்க அவனை மாற்று ஆளாகவே உட்கார வைத்தார்கள். கேட்டால் "அடுத்த மேட்ச்" என்கிறார்கள். மனசு விட்டுப்போயிருக்கிறான். தொடரலாமா, நிறுத்திவிடச் சொல்லட்டுமா?
– ஒரு தகப்பனார், ஆம்பூர்

நிறுத்தச் சொல்லாதீர்கள் ஐயா. உங்கள் மகனைவிட அவன் கேப்டனிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

ஓர் அணிக்குப் பன்னிரண்டு பேர். ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே. அந்த ஐவரையும் ஏதோ எண்ணிக்கைக்கு வைத்திருப்பதாக நம் ஊர்க் கேப்டன்கள் நினைக்கிறார்கள். நாற்பது நிமிட ஆட்டத்தில் இரண்டாம் பாதியின் கடைசிப் பத்து நிமிடம் களைப்பு ஆடுகிற ஆட்டம். அங்கே புதுக்காலோடு ஒரு ரைடர் இறங்கினால் எதிரணிக் கார்னர்களுக்கு அவன் நடையே பழகியிருக்காது. மாற்று ஆளை எதற்காக, எந்த நேரத்தில் இறக்குவோம் என்று தொடர் ஆரம்பிக்கும் முன்பே அவனிடம் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் "அடுத்த மேட்ச்" என்று இழுப்பது தலைவனுக்கு அழகல்ல.

உங்கள் மகன் நேராகப் போய், "எனக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் அண்ணா?" என்று கேட்கட்டும். டூ-ஆர்-டை ரைடுக்கு என்றோ, கடைசிப் பத்து நிமிடத்துக்கு என்றோ தெளிவான பதில் வந்தால் அதற்காகவே பயிற்சி எடுக்கலாம். பதில் வராவிட்டால் வேறு குழுவில் சேர்வதில் தவறே இல்லை. இரவு ஷிப்ட் வாரத்தில் காலையில் நேராக மைதானத்துக்குப் போவதாக இருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். தூங்கி எழுந்து சாயங்காலம் போகட்டும். தூக்கமில்லாத உடம்புதான் முதலில் அடிபடும்.

முழங்காலில் லிகமெண்ட் கிழிந்து ஆபரேஷன் ஆகி ஐந்து மாதம் ஆகிறது. வலியே இல்லை. பொங்கலுக்கு இறங்கலாமா மாஸ்டர்?
– ரைடர், ஆற்காடு

வேண்டாம் தம்பி. வலி இல்லை என்பதால் கால் தயாராகிவிட்டது என்று ஆகாது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, திரும்பிப் பாய்கிற ஆட்டங்களுக்கு ஒன்பது மாதத்துக்கு முன் போகக் கூடாது என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் இரண்டு தொடைகளின் பலத்தையும் பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன பவன் செராவத் 2022 அக்டோபரில் அடிபட்டார். அடுத்த வருஷம் சீனாவின் ஹாங்சோவில் ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றுத் தங்கம் வாங்கிக் கொடுத்தார். காத்திருங்கள். உங்கள் குழுவினர் வற்புறுத்தினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

என் மகன் சிட்னியில் இருக்கிறான். அங்கே ரக்பி லீக் பார்க்கப் போகிறானாம். "நம்ம கபடி மாதிரியே பிடிக்கிறார்கள்" என்கிறான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– ஒரு வாசகி, காட்பாடி

உறவு ஒன்றும் கிடையாது அம்மா, ஆனால் உங்கள் மகன் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அதில் ஓர் அணிக்குப் பதின்மூன்று பேர். பந்து வைத்திருக்கிற அணியை ஆறு முறை பிடித்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நமக்கு டூ-ஆர்-டை ரைடு போல அவர்களுக்கு அந்தக் கடைசிப் பிடி. பிடித்து நிறுத்தத் தெரியாத அணி அங்கேயும் தேறாது.

சிட்னியின் மேற்குப் பகுதியில் பென்ரித் என்று ஓர் அணி இருக்கிறது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு வருஷம் கோப்பை வாங்கியது. அங்கே அணிகளின் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதனால் ஒவ்வொரு வருஷமும் பென்ரித்தின் நல்ல ஆட்கள் சிலர் வேறு அணிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் சரியவில்லை. காரணம், தங்கள் வட்டாரத்து ஜூனியர் அணிகளில் வளர்ந்த பையன்கள் அடுத்தடுத்துத் தயாராக நின்றார்கள். அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர் நேதன் கிளியரியும் அங்கே ஜூனியராக வளர்ந்தவர்தான். அடுத்த முறை போகும்போது பென்ரித் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிகொண்டா தம்பிக்கும் இதைப் படித்துக் காட்ட ஆசையாக இருக்கிறது.

எடை கட்டுப்பாடு உண்டா?
– கே.வி.குப்பம்

மாநில, தேசிய ஆண்கள் ஆட்டத்துக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75. ஊர்த் தொடர்களில் நடத்துபவர்கள் வைப்பதுதான் சட்டம், நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போங்கள். எடையைக் குறைக்க ஆட்டத்துக்கு முந்தைய நாள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது வேலூர் வெயிலில் ஆபத்து. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வாலாஜாவில் கல்லூரியில் படிக்கிறோம். பெண்கள் கபடி அணி ஆரம்பிக்க ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம். இவ்வளவு பேர் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாமா? எங்களில் யாரும் பெரிய ஆட்டக்காரர் இல்லை.
– மாணவிகள், வாலாஜா

இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! உடனே ஆரம்பியுங்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அதில் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா. அந்தப் பெண்ணும் எளிய குடும்பத்துப் பிள்ளைதான் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெண்கள் களம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். பாதிக்குப் பதினைந்து நிமிடம். கல்லூரியில் அந்த அளவு இடம் கேட்டு உடற்கல்வி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். மண்ணைக் கிளறிக் கல் பொறுக்குங்கள், அது முக்கியம். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, இந்த வருஷக் குறி அதுவாக இருக்கட்டும்.

ஒன்பது பேரில் யார் ரைடர் என்று முதல் மாதம் முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் எல்லா இடத்திலும் நிற்கட்டும். வேகமாக ஓடுகிற பெண்ணை உடனே ரைடர் ஆக்கிவிடுவார்கள். அவளே நல்ல கவராகவும் இருக்கலாம், பார்த்துத்தான் தெரியும். விழப் பழகுவதை முதல் வாரமே சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைத் தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால் பத்திரிகை மூலம் எழுதுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வாலாஜாவுக்கு வருகிறேன். இன்னும் மூன்று பேரையும் அதற்குள் சேர்த்து வையுங்கள்.