பேட்டைக் கொடுத்துவிட்டான் என்றீர்களே, முதலில் அது

இரண்டாம் பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, படிக்கும் தம்பியைப் பற்றி பெங்களூரு அல்சூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முடி கொட்டுவதற்கு அரைப் பக்கம், கண் துடிப்பதற்குக் கால் பக்கம். நடுவில் ஒரே ஒரு வரி: புது கிரிப் போட்ட கிரிக்கெட் பேட்டைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டான், ஏன்டா என்றால் "இனிமே எனக்கு எதுக்குக்கா? நான் இல்லேன்னா உங்களுக்கு ஃபீஸாவது மிச்சம்" என்றான். படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாராம். உங்களுக்கு மட்டும் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

உங்கள் பயம் சரியானது. ஆசை ஆசையாக வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, தன்னால் வீட்டுக்குப் பாரம் என்று பேசுவது, ஒரு மாதமாக நண்பர்களிடம் பேசாமல் இருப்பது: இவை மூன்றும் சேர்ந்து வந்தால் நான் காத்திருக்க மாட்டேன். நீங்களும் காத்திருக்காதீர்கள்.

இன்று இரவே அவனைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "செத்துப்போகணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மனதில் போட்டுவிடுவோமோ என்று எல்லா வீட்டிலும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஒரு பி.யூ.சி. பையனிடம் நான் இதே கேள்வியைக் கேட்டபோது, கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டே "ஆமா டாக்டர்" என்றான். அப்புறம் தண்ணீர் கேட்டான். ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினான். அதுவரை அவனை யாருமே கேட்கவில்லை.

ஆமாம் என்றால் திட்டாதீர்கள், அழாதீர்கள், "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். தனியாக விடாமல் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது, அவசரப் பிரிவு இரவிலும் உண்டு. இல்லை என்றாலும் இந்த வாரமே ஒரு மனநல மருத்துவர் அவனைப் பார்க்க வேண்டும். நடுவில் எந்த நேரத்திலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அவன் பேச மறுத்தால் நீங்களே அழைத்து, என்ன செய்வது என்று கேளுங்கள்.

இன்னொன்று. அவன் தூங்குவதற்காகப் பாட்டியின் அல்ப்ரசோலம் மாத்திரையில் பாதியை நான்கு நாள் கொடுத்தேன் என்கிறீர்கள். இது எனக்குக் கோபம் வரவைத்த இடம். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை இன்னொருவருக்கு, அதிலும் மனம் உடைந்திருக்கும் பதினேழு வயதுப் பையனுக்கு, யாரும் கொடுக்கக் கூடாது. நான்கே நாள் என்பதால் நிறுத்திவிட்டால் போதும். ஆனால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாட்டியின் மருந்துப் பெட்டி இன்றிலிருந்து பீரோவுக்குள் போகட்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் உட்பட எல்லாமே. சாவி உங்கள் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

மற்றவை எல்லாம் சின்ன விஷயம். கண் துடிப்பது தூக்கக் குறைவும் காபியும் செய்கிற வேலை. மன அழுத்தத்துக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும், திரும்ப முளைக்கும். மாலையில் வந்து தூங்கி எழுந்தால் போய்விடும் தலைவலிக்கு மூளைக் கட்டி என்று இணையத்தில் படித்துவிட்டு ஸ்கேன் எடுக்கவா என்கிறீர்கள். வேண்டாம். கண்ணாடி பவரைச் சோதித்தால் போதும். தயவுசெய்து அந்தத் தேடலை நிறுத்துங்கள்.

நீங்கள் கேட்காமல் கேட்டதற்கு வருகிறேன். விடிகாலை 4 மணிக்கு எழுந்திரு, ஐந்து மணி நேரம் தூங்கு, கிரிக்கெட்டை விடு என்று நீங்கள் சுவரில் ஒட்டிய டைம்டேபிள்தான் அவனை இப்படி ஆக்கியதா? ஒரு காகிதம் ஒரு பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவராது. காரணம் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆனால் அதை இன்றே கிழித்துவிடுங்கள். இந்த வயதில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். உடம்பின் கடிகாரமே தாமதமாக ஓடும் பருவம் இது, அவனுக்கு 4 மணி என்பது நடுராத்திரி. படித்தது மனதில் பதிவதும் தூக்கத்தில்தான். மாலையில் ஒரு மணி நேரம் கிரிக்கெட் ஆடட்டும்.

அவனிடம் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. கர்நாடகத்தில் 2024 முதல் இரண்டாம் பி.யூ.சி.க்கு ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் வைக்கிறார்கள், எதில் அதிக மதிப்பெண்ணோ அதுவே நிற்கும். மார்ச்சில் சறுக்கினால் எல்லாம் போய்விடாது என்பது அவன் காதில் விழட்டும். அப்புறம், "என் கணக்குப் பரீட்சை அன்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன், வீட்டில் யாருக்கும் தெரியாது" என்று எனக்கு எழுதினீர்களே, அதை அவனிடம் சொல்லுங்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் 96 சதவீதம் வாங்கிய அக்காவைத்தான்.

பேட்டை இப்போதே திருப்பி வாங்கப் போகாதீர்கள். அவனாகக் கேட்கும்போது இருவருமாகப் போய் வாங்கிக்கொள்ளலாம். இன்றிரவு அவன் என்ன சொன்னான் என்று நாளைக் காலையில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.