காணாக்கடிக்குப் பரியாரியாரிட்டப் போகலாமோ?

கேள்வி: மூண்டு மாசமா உடம்பெல்லாம் தடிச்சுத் தடிச்சுக் கடிக்குது டொக்டர், செற்றிரிசின் எண்ட அலர்ஜிக் குளிசை போட்டா நிக்குது விட்டா திரும்ப வருது, அம்மா பரியாரியாரிட்டப் போ எண்டுறா. போகலாமோ?
- வாசகி, சுன்னாகம்

பதில்: போங்கோ தங்கச்சி, ஆனா குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ. 6 கிழமைக்கு மேல நிண்டா அது நாள்பட்டது, கனபேருக்குச் சாப்பாடு காரணமே இல்லை, தோலுக்குள்ள இருக்கிற செல்லுகள் சும்மா சும்மா ஹிஸ்டமின் எண்ட கடியைக் கிளப்புற பொருளைக் கொட்டுது, அதால கணவாயையும் கத்தரிக்காயையும் குற்றம் சொல்லிப் பட்டினி கிடக்காதேங்கோ. கைதடி சித்த ஆஸ்பத்திரிக்குப் போனா போடுற குளிசை எல்லாத்தையும் சொல்லுங்கோ. பேரில்லாத பொட்டலத் தூள் மட்டும் வேண்டாம், சிலதில ஸ்டீரொயிட் எண்ட கடும் மருந்து சொல்லாமக் கலந்திருக்கும். வேப்பிலைத் தண்ணியில முழுகலாம், ஆறவிட்டு, சுடுதண்ணி கடியைக் கூட்டும். நாக்கு வீங்கி மூச்சு இழுத்தா பரியாரியும் வேண்டாம் நானும் வேண்டாம், நேரா பெரியாஸ்பத்திரி.