அப்பாவின் இன்ஷூரன்ஸ் கார்டில் மகள் டாக்டரைப் பார்த்தால்…
(வாசகர் கேள்வி - பதில்: அமெரிக்க மருத்துவக் காப்பீடு)

கேள்வி: எனக்கு 21 வயது. இர்வைனில் படிக்கிறேன். அப்பா, அம்மா சான் ஹோசேயில். அப்பாவின் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறேன். மனநல ஆலோசகரைப் பார்க்க நினைக்கிறேன். வீட்டில் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். டாக்டர் சொல்லிவிடுவாரா? (பெயர் வேண்டாம்)

பதில்: டாக்டர் சொல்ல மாட்டார். 18 வயது முடிந்தாலே, மருத்துவத் தகவலின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா என்ற மத்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தனி ஆள். அவசர நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்களிடம் கேட்காமல் அவர் அப்பாவிடம் உங்கள் சிகிச்சையைப் பற்றிப் பேச வழியில்லை. விஷயம் வெளியே வருவது வேறு பக்கத்தில்.

நீங்கள் ஒருமுறை போய்வந்ததும் கிளினிக் இன்ஷூரன்ஸுக்கு பில் அனுப்பும். அதைப் பைசல் செய்ததும் கம்பெனி ஓர் அறிக்கை தயாரிக்கும். எக்ஸ்பிளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ், சுருக்கமாக இ.ஓ.பி. வழக்கமாக இது பாலிசிதாரரின் பெயருக்கு, அதாவது அப்பாவுக்கு, தபாலில் போகும். அல்லது அவருடைய ஆன்லைன் கணக்கில் ஏறும். யார் போனார், எந்தத் தேதி, எந்த டாக்டர், என்ன சேவை, பில் எவ்வளவு, கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு எல்லாம் அதில் இருக்கும். நோயின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆனால் ‘சைக்கோதெரபி, 45 நிமிடம்’ என்று ஒரு வரி இருந்தால் போதுமே.

நீங்கள் கலிஃபோர்னியாவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. 2022 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் ஏ.பி. 1184 என்ற மாநிலச் சட்டப்படி, மனநலம், பாலியல் மற்றும் கருத்தடை சார்ந்த சிகிச்சை, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை போன்றவற்றின் தகவலைக் கம்பெனி நேரே உங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். இதற்குப் பாலிசிதாரரின் அனுமதியைக் கேட்கவும் கூடாது. ஆனால் நீங்கள் வேறு முகவரி கொடுக்காவிட்டால், பதிவில் இருக்கும் முகவரிக்கே உங்கள் பெயர் போட்டுக் கவர் போகும். அது சான் ஹோசே வீடு. நம் வீடுகளில் பிள்ளை பெயருக்கு வந்த கவரை யார் பிரிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்பே கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு போன் செய்து, ‘கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன் ரிக்வெஸ்ட்’ கொடுக்க வேண்டும் என்று இதே சொற்களில் சொல்லுங்கள். சும்மா ‘பிரைவசி வேண்டும்’ என்றால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். உங்கள் சொந்த மின்னஞ்சல், செல்போன் எண், கல்லூரி முகவரி மூன்றையும் கொடுங்கள். போனிலோ ஆன்லைனிலோ கேட்டால் 7 நாளுக்குள்ளும், தபாலில் கேட்டால் 14 நாளுக்குள்ளும் அவர்கள் அதை அமல்படுத்தியாக வேண்டும். நீங்களாக ரத்து செய்யும்வரை அது செல்லும். அந்தக் கெடு முடிந்ததும் மறுபடி கூப்பிட்டு, ‘சிஸ்டத்தில் ஏறிவிட்டதா?’ என்று உறுதி செய்துகொண்டு பிறகு டாக்டரிடம் போங்கள். போய்வந்த பிறகு கோரிக்கை கொடுத்தால் முதல் இ.ஓ.பி. அதற்குள் கிளம்பியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் ஓட்டை உண்டு. குடும்ப டிடக்டிபிளில் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் குடும்பமே கட்ட வேண்டிய தொகை) கழிந்த மொத்தத் தொகை அப்பாவின் கணக்கில் தெரியலாம். விவரம் இருக்காது, ஆனால் தொகை ஏறியிருப்பது தெரியும். கணக்கில் கறாரான அப்பா என்றால் கேள்வி வரும். கோபேயை, அதாவது ஒவ்வொரு முறையும் கையிலிருந்து கட்டும் பங்கை, அவருடைய கிரெடிட் கார்டில் கட்டாதீர்கள் என்று சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, பல கல்லூரிகளின் ஆலோசனை மையங்களில் குறிப்பிட்ட சில அமர்வுகள் இலவசம், இன்ஷூரன்ஸுக்கு பில்லே போகாது. அங்கே முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: நான் டாலஸில் இருக்கிறேன், வயது 23. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இதேபோல் கேட்டதற்கு, ‘இது உங்கள் அப்பாவின் கம்பெனி நடத்தும் பிளான், மாநிலச் சட்டம் பொருந்தாது’ என்றார்கள். சரியா?

பதில்: பிளானைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். பெரிய கம்பெனிகள் பலவும் ‘செல்ஃப் ஃபண்டட்’ முறையில், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. கார்டில் இருக்கும் இன்ஷூரன்ஸ் பெயர் கணக்கு வழக்கு பார்ப்பதற்கு மட்டும். ‘அட்மினிஸ்டர்ட் பை’ என்று கார்டில் இருந்தால் அது அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். எரிசா என்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வருவதால் மாநில இன்ஷூரன்ஸ் சட்டங்கள் இவற்றைத் தொடுவதில்லை. கலிஃபோர்னியா வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய கம்பெனியில் அப்பா வேலை பார்த்தால் மேலே சொன்ன சட்டம் எட்டாமல் போகலாம்.

ஆனால் ஹிப்பா கிட்டத்தட்ட எல்லா பிளானுக்கும் உண்டு. தகவல் வெளியானால் உங்களுக்கு ஆபத்து நேரக்கூடும் என்று தெளிவாகச் சொல்லிக் கேட்டால், வேறு முகவரிக்கு அனுப்பும் நியாயமான கோரிக்கையை பிளான் ஏற்றாக வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அவர்கள் மறுக்கலாம். எழுதியே கொடுங்கள்: புது முகவரி, சிகிச்சைச் செலவில் உங்கள் பங்கை எப்படிக் கட்டுவீர்கள், ஆபத்து பற்றிய அந்த வாக்கியம். என்ன ஆபத்து என்று துருவி, நீங்கள் சொன்னதைச் சந்தேகிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் உண்மையாகவே அப்படி ஒரு நிலை இருந்தால்தான் இந்த வழி.

இல்லையென்றால் இன்ஷூரன்ஸையே விட்டுவிட்டுக் கைக்காசில் கட்டுவதுதான் வழி. முழுத் தொகையையும் நீங்களே கட்டி, ‘இன்ஷூரன்ஸுக்குத் தெரிவிக்க வேண்டாம்’ என்று கேட்டால் டாக்டர் அதை மறுக்க முடியாது. ஹிப்பாவில் 2013 முதல் இருக்கும் விதி இது. முன்கூட்டியே ‘குட் ஃபெய்த் எஸ்டிமேட்’, அதாவது செலவு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடு, கேளுங்கள். குறைந்தது 3 வேலை நாள் முன்னதாக அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தால் எழுத்தில் தர வேண்டும். கடைசி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் முறையிடலாம்.

இந்த வழியில் கோட்டைவிடுவது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையில்தான். டாக்டருக்குப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாக வருவீர்கள். அவர் ரத்தத்தை வெளி லேப்புக்கு அனுப்பும்போது உங்கள் ஃபைலில் இருக்கும் இன்ஷூரன்ஸ் எண்ணும் சீட்டில் ஒட்டிக்கொண்டு போகும். லேப் தன்பாட்டுக்கு பில் போட, இ.ஓ.பி. வீட்டுக்குப் போய்விடும். ரிசப்ஷனில் சொல்லி லேப் சீட்டில் ‘செல்ஃப் பே’ என்று குறிக்கச் சொல்லுங்கள். லேப்பிலும் ஃபார்மசியிலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் கேட்டது மற்றவரைக் கட்டுப்படுத்தாது.

கருத்தடை, பால்வினை நோய்ப் பரிசோதனைக்கு டைட்டில் எக்ஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் நிதி பெறும் கிளினிக்குகளில் வருமானத்துக்கு ஏற்ற கட்டணம்தான்.

கேள்வி: மகன் பாஸ்டனில் படிக்கிறான், 19 வயது. பிரீமியம் கட்டுவது நான். ஆனால் அவனுடைய மருத்துவமனை போர்ட்டலில் என்னை வெளியேற்றிவிட்டார்கள். அவசரம் என்றால் என்ன செய்வது? (ஒரு தாய், எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: பிரீமியம் கட்டுவதால் சிகிச்சை விவரத்தைப் பார்க்கும் உரிமை வந்துவிடாது. கிளினிக்குக்கு போன் செய்து வாதாடிப் பயனில்லை. மகனிடமே கேளுங்கள், அவர் சம்மதித்தால் இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

முதலாவது ஹிப்பா ஆத்தரைசேஷன். எந்தத் தகவல், யாருக்கு, எந்தத் தேதிவரை என்று அவரே வரையறுக்கலாம்; மனநலத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தரலாம். ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்று பிள்ளையை நெருக்காதீர்கள். இரண்டாவது ஹெல்த் கேர் ப்ராக்ஸி. மகனால் பேச முடியாத நிலையில் அவருக்காக முடிவெடுக்கும் அதிகாரம் இது. மாசசூசெட்ஸில் 18 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். ப்ராக்ஸியாக நியமிக்கப்படும் நீங்கள் சாட்சி போட முடியாது. மற்ற மாநிலங்களில் விதி வேறு, ஆகவே படிக்கும் மாநிலத்தின் படிவத்தையே எடுங்கள். பிரதியை உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாளே இல்லாத அவசரத்திலும் கதவு மூடியிருக்காது. மகன் நினைவில்லாமல் இருந்தால், அவர் நலனுக்கு நல்லது என்று டாக்டர் கருதினால் உங்களிடம் பேச ஹிப்பா அனுமதிக்கிறது.

கேள்வி: கல்லூரி கிளினிக்கில் காட்டினால் வீட்டுக்குத் தெரியாதுதானே? மருந்துக்கு அப்பாவின் எச்.எஸ்.ஏ. (வரிச் சலுகையுள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கார்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: கிளினிக் கட்டணம் கல்லூரிக் கட்டணக் கணக்கில் ஏறினால், அதைப் பார்க்க அனுமதி பெற்ற பெற்றோருக்குத் தெரியும். கவுன்ட்டரிலேயே கட்டிவிடுங்கள். எச்.எஸ்.ஏ. கார்டு வேண்டாம்: தேதியும் கடையும் அப்பாவின் கணக்கில் பதிவாகும். அதோடு, வரிக் கணக்கில் நீங்கள் அவருடைய டிபென்டென்ட் (அவரைச் சார்ந்தவர்) இல்லையென்றால் அந்தப் பணத்தை உங்கள் மருந்துக்குச் செலவழிப்பது அவருக்கு வரியும் அபராதமும் தேடித் தரும். ஃபார்மசி கணக்கில் சிறு வயதில் கொடுத்த அம்மாவின் செல் எண்ணே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘மருந்து தயார்’ என்ற குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும்.