பாரிசில் சிநேகிதி வீட்டில் தங்க அழைப்புக் கடிதம் போதுமா?

லண்டன் ஹாரோவில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. நத்தார் விடுமுறைக்கு பாரிசுக்குப் பக்கத்தில், லா கூர்நெவ்வில் சிநேகிதி வீட்டில் 14 நாள் தங்கப்போகிறேன். அழைப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்கிறாள். போதுமா?"

போதாது. பிரெஞ்சு எல்லைப் பொலிசார் கேட்கக்கூடியது 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற தங்குமிடச் சான்றிதழ். அதை நீங்கள் எடுக்க முடியாது. உங்கள் சிநேகிதிதான் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, நேரில் போக வேண்டும். அவருடைய அடையாள அட்டை அல்லது வதிவிட அட்டை, வாடகை ஒப்பந்தம், அண்மைய மின்சார பில், சம்பளத் துண்டு எல்லாம் பார்ப்பார்கள். முத்திரைக் கட்டணம் உண்டு. விண்ணப்பத்தை மறுத்தாலும் அந்தக் காசு திரும்பாது. வீட்டில் இன்னொருவர் தங்க இடம் இருக்கிறதா என்று நேரில் பார்க்க ஆள் அனுப்பவும் மேரியால் முடியும். முடிவு வர ஒரு மாதம் வரை ஆகலாம். அப்புறம் மூலப்பிரதி தபாலில் உங்கள் கைக்கு வர வேண்டும். வாட்ஸப்பில் வரும் படத்தை நம்பிப் புறப்படாதீர்கள். ஒக்டோபரிலேயே அவரை மேரிக்கு அனுப்புங்கள்.

"போன முறை என்னிடம் யாரும் கேட்கவில்லை" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்கள். சரி, எல்லாரிடமும் கேட்பதில்லைதான். ஆனால் யூரோஸ்டாரில் போகிறவர்களை பிரெஞ்சுப் பொலிசார் சோதிப்பது லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலேயே. அங்கே மறித்தால் ரயிலேறவே முடியாது. அந்த நேரத்தில் சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்துப் பயனில்லை.

கைச்செலவுக் கணக்கும் இந்தச் சான்றிதழோடு மாறுகிறது. இது இருந்தால் நாளுக்கு 32.50 யூரோ காட்டினால் போதும், 14 நாளுக்கு 455. இதுவும் இல்லை, ஹோட்டல் பதிவும் இல்லை என்றால் நாளுக்கு 120. மொத்தம் 1,680 யூரோ. வங்கிக் கணக்கு விபரத்தைத் தாளில் எடுத்து வைத்திருங்கள். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்புறுதியும் வேண்டும்.

அடுத்து, கடவுச்சீட்டைத் திறந்து அது வழங்கப்பட்ட திகதியைப் பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். 2018 செப்டெம்பருக்கு முன் புதுப்பித்தவர்களுக்கு, பழைய புத்தகத்தில் மிச்சமிருந்த மாதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதனால் முடிவுத் திகதி தள்ளி இருந்தாலும், நீங்கள் போய் இறங்கும் நாளில் வழங்கி 10 வருடம் தாண்டியிருந்தால் அது செல்லாது. திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது மீதி இருக்கவும் வேண்டும்.

விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே பொது எல்லை விதியின் கீழ் இணைந்த ஐரோப்பிய நாடுகளில், இருக்கலாம். கோடையில் சுவிஸில் அண்ணன் வீட்டில் நின்ற நாட்களும் இதில் சேரும், அயர்லாந்து சேராது. முன்பு முத்திரை குத்தினார்கள், 2025 ஒக்டோபர் 12 முதல் கைரேகையும் படமும் எடுக்கும் முறை தொடங்கியிருக்கிறது. முதல் தடவை என்றால் நேரம் பிடிக்கும், கொஞ்சம் முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விடுங்கள்.