பொழுதுபோக்கு மையத்தில் தலைமைப் பொறுப்பு ஏற்கும்போது எதில் கவனம் வைக்க வேண்டும்?

அலுவலகத்தில் குழுவை நடத்திப் பழகிய ஒருவர், இப்போது ஒரு பொழுதுபோக்கு மையத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்கப் போகிறாராம். அங்கே தலைமை தாங்குவது எந்த விதத்தில் வேறுபடும் என்று கேட்டிருக்கிறார். இதே வேலையில் பல வருடங்களாக இருப்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், இங்கே வருகிற யாரும் உங்களுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அலுவலகத்தில் சம்பளம் இருக்கிறது, பள்ளியில் மதிப்பெண் இருக்கிறது. இங்கே வருபவர் தன் ஓய்வு நேரத்தை எடுத்துக்கொண்டு தானாக வருகிறார். பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை, புகார் எழுதுவதும் இல்லை. அடுத்த வாரம் வர மாட்டார், அவ்வளவுதான். ஆகவே வருகைப் பதிவேட்டை எண்ணிக்கைக்காகப் பார்க்காதீர்கள், பெயர்களுக்காகப் பாருங்கள். போன மாதம் இருந்து இந்த மாதம் காணாமல் போன பெயர் யாருடையது? அவருக்கு ஒரு போன் போட்டு நலம் விசாரியுங்கள். ஏன் வரவில்லை என்று குடையாமல் கேட்டால் சொல்லிவிடுவார்கள். காரணம் சில நேரம் வேலை, உடம்பு என்று இருக்கும். பல நேரம் ‘அங்கே எனக்கு யாரையும் தெரியாது’ என்பதாகத்தான் இருக்கும்.

தலைமை பற்றிய ஆய்வுகளில் மிகவும் பேசப்பட்ட ஒன்று தொழிற்சாலையிலோ ராணுவத்திலோ நடந்தது இல்லை, சிறுவர்களின் பொழுதுபோக்குக் கிளப்களில் நடந்தது. 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவாவில் உளவியல் ஆய்வாளர்கள் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் சேர்ந்து செய்தார்கள். முடிவுகள் 1939இல் வெளிவந்தன. சுமார் பத்து வயதுப் பையன்கள் முகமூடி செய்வார்கள், சோப்பில் உருவம் செதுக்குவார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்து உத்தரவு போடுவார். இன்னொருவர் பையன்களோடு கலந்து பேசி, வழிகளைக் காட்டித் தேர்ந்தெடுக்க விடுவார். மூன்றாமவர் ஒதுங்கி நின்று, ‘என்னவோ செய்யுங்கள்’ என்று விட்டுவிடுவார். உத்தரவு போட்டவரின் கிளப்பிலும் வேலை நடந்தது. ஆனால் அவர் அறையை விட்டு வெளியே போனதும் படுத்துவிட்டது. கலந்து பேசியவரின் கிளப்பில், அவர் போன பிறகும் கைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒதுங்கி நின்றவரின் கிளப்பில் உருப்படியாக நடந்தது குறைவு. சுதந்திரம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு வெறுமனே விட்டுவிடுகிற தலைவர்களை நம் துறையில் நிறையப் பார்க்கலாம் என்பதால் இந்த மூன்றாவது விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்.

நான் ஒரு நிகழ்ச்சியை எடைபோடுவது இன்றும் இதை வைத்துத்தான். நடத்துபவர் பத்து நிமிடம் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆட்டம் தொடர்கிறதா, புதிதாக வந்தவரை யாராவது கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்கிறார்களா, தகராறு வந்தால் அவர்களே தீர்த்துக்கொள்கிறார்களா? சிறுவர்கள் என்றால் பொறுப்பான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அது வேறு. ஆனால் அவர் விசில் ஊதாமல் இருந்தால் என்ன நடக்கிறது என்று பார்க்கலாமே.

இப்படிக் கூடவே இருந்தும் தலையிடாமல் இருப்பதை வேலையாகவே எடுத்துக்கொண்டு செய்தவர் டென்மார்க்கின் ஜான் பெர்டல்சன். 1943இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பழைய பலகையும் செங்கலும் கிடக்கும் ஒரு விளையாட்டிடம் திறந்தார்கள். யோசனை, நில வடிவமைப்பாளர் சோரன்சனுடையது. என்ன கட்டுவது, எப்போது இடிப்பது என்பதெல்லாம் குழந்தைகள் பாடு. முதல் விளையாட்டுத் தலைவராக இருந்த பெர்டல்சனின் பங்கு, அந்தச் சூழல் நிலைக்கும்படி கூடவே இருப்பது. சும்மா நிற்பதுபோல் தோன்றும் இந்த வேலைக்கு எவ்வளவு கவனம் தேவை என்பது செய்து பார்த்தவருக்குத் தெரியும்.

அப்புறம், நிகழ்ச்சியின் அமைப்பே சிலரை வெளியே தள்ளும். மியூசிக்கல் சேரையே எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடுகிற, கூச்சப்படுகிற பிள்ளை முதல் சுற்றிலேயே ‘அவுட்’. மற்றவர்கள் ஆடி முடிக்கும் வரை ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாருக்கு அதிகம் ஆட வேண்டியிருக்கிறதோ அவருக்கே குறைந்த ஆட்டம். நாற்காலிகளைக் குறைத்துக்கொண்டே போய், ஆட்களைக் குறைக்காமல், மிச்சமிருக்கும் நாற்காலிகளில் எல்லோரும் எப்படியாவது இடம் பிடிக்க வேண்டும் என்று விதியை மாற்றிப் பாருங்கள். அதே பாட்டு, அதே அறை, ஆனால் கடைசிவரை எல்லோரும் உள்ளே. இரண்டு கேப்டன்கள் மாறி மாறி ஆள் எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக மிஞ்சும் பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும்.

பெரியவர்களிடமும் இது உண்டு. எங்கள் மாலை நேர டேபிள் டென்னிஸுக்குத் தோழியோடு ஒரு அம்மா வருவார். மட்டையைத் தொட மாட்டார், தோழியின் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ‘வாங்க, ஆடுங்க’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் ஸ்கோர் எழுதும் பலகையைக் கொடுத்து, ‘கொஞ்சம் பாத்துக்கறீங்களா?’ என்றேன். மறுக்கவில்லை. ஸ்கோர் எழுதினார், பந்து மேசை விளிம்பில் பட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னார், சில வாரங்களில் யார் யாரோடு ஆடுவது என்ற பட்டியலே அவர் கைக்குப் போனது. பிறகு ஆடவும் ஆரம்பித்தார். ஆடாமலே இருந்திருந்தாலும் எனக்கு அது வெற்றிதான். வரும் ஒவ்வொருவருக்கும் அவருக்கு ஏற்ற ஒரு வேலையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் இங்கே தலைமையின் பெரும்பகுதி.

கலந்து பேசுவது செல்லாத ஒரே இடம் பாதுகாப்பு. நீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கையாட்டுவதும் இல்லை. சத்தமில்லாமல், மிக வேகமாக நடந்துவிடும். எனவே நீச்சல் குளத்தைக் கண்காணிக்கும் லைஃப்கார்ட் பணியில் இருக்கும்போது டவல் எடுத்துக் கொடு, போனை எடு என்று வேறு எந்த வேலையும் சொல்லாதீர்கள். இடி கேட்டால் திறந்தவெளிக் குளத்திலிருந்து எல்லோரும் வெளியேற வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை திரும்ப இறங்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. இருபது வயது கூட ஆகாத லைஃப்கார்ட் அந்த விதியைச் சொல்லும்போது, காசு கட்டிய உறுப்பினர் ஒருவர் அவனைப் பிடித்துத் திட்டுவார். அந்த நேரத்தில் நீங்கள் நடந்து வந்து அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதையே சொல்ல வேண்டும். உறுப்பினரைச் சமாதானப்படுத்த அவனை விட்டுக்கொடுத்தால், அடுத்த முறை அவன் விசிலை எடுக்கத் தயங்குவான்.

ஊழியர்களில் பாதிப் பேர் பகுதிநேரமாகவோ ஒரு சீசனுக்கு மட்டுமோ வரும் இளைஞர்களாக இருப்பார்கள். மக்கள் பார்க்கும் முகம் அவர்களுடையதுதான். மற்றவர்களின் ஓய்வு நேரம்தான் நமக்கு வேலை நேரம் என்பதால், மாலையிலும் வார இறுதியிலும் நீங்கள் தளத்தில் இருங்கள். அறிக்கைகளைப் பகலில் எழுதலாம்.

கடைசியாக, உள்ளே வராதவர்கள். ஓய்வும் ஓய்வு நேரமும் ஒவ்வொருவரின் உரிமை என்று 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. விளையாடும் உரிமையை 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆம் பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் மையத்தின் நல்ல நேரம் முழுவதும் பெரும்பாலும் பழைய, குரல் பலமுள்ள குழுக்களிடம் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவருக்கும், கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கும், ஷிஃப்ட் வேலைக்காரருக்கும், மற்ற யாரும் விரும்பாத நேரம்தான் மிஞ்சும். அட்டவணையில் ஒரு நல்ல நேரத்தையாவது பிரித்து அவர்களுக்குக் கொடுங்கள். பழைய குழு கோபப்படும், கூட்டம் கூட்டும். அந்தக் கூட்டத்துக்கு இளைய ஊழியரை அனுப்பாதீர்கள், நீங்களே போய் உட்காருங்கள்.